கூடு பார்க்கும் பிள்ளைகள்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பறவை பார்த்துவருகிறோம். அதோடு, ஒரு பிள்ளைக்கு ஒரு கூடு என்று பிரித்துக்கொண்டு, கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை நோட்டில் எழுதி வைக்கிறோம். பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் தொடங்க நினைத்தால் உதவும்.

பறவை பார்ப்பது சரி. கூடு எதற்கு?

பறவை பறந்துவிடும். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பனைக்குப் பின்னால் மறைந்துவிடும். கூடு அங்கேயே இருக்கும். நாளைக்கும் போகலாம், அடுத்த வாரமும் போகலாம். பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

இன்னொன்றும் உண்டு. ஐம்பது பறவையின் பெயரை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளையைவிட, ஒரே ஒரு தேன்சிட்டுக் கூட்டின் எதிரில் ஒரு மாதம் உட்கார்ந்த பிள்ளைக்கு அதிகம் தெரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊதாத் தேன்சிட்டில் கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண். குஞ்சு பொரித்த பிறகு ஆணும் இரை கொண்டுவரும். தேன் குடிக்கிற பறவைதானே, குஞ்சுக்கு மட்டும் ஏன் புழுவும் சிலந்தியும் கொண்டுவருகிறது என்று ஒரு பையன் கேட்டான். யாரும் சொல்லிக்கொடுத்துக் கேட்ட கேள்வி கிடையாது அது. வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும் என்று பாடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் அவன் கண்ணால் பார்த்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பத்து வயது சரியாக இருக்கும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் பறவை பார்க்க வரலாம். ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்காருவது அவர்களுக்குக் கஷ்டம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

நோட்டு, பென்சில், கடிகாரம். மழையில் பேனா கரைந்துவிடும், அதனால் பென்சில். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கியோ மங்கிய பச்சையோ போதும்.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாமலும் தொடங்கலாம். வாங்குவதானால் 8×42 என்று கேட்டு வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விற்பதை வாங்காதீர்கள். கை நடுங்கினால் எதுவும் தெரியாது. எங்கள் குழுவில் பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பைனாகுலர்தான். மாற்றி மாற்றிப் பார்க்கிறோம்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை வரை. செம்மண் பூமியில் ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் பறவையும் நிற்காது, பிள்ளையும் நிற்காது.

மாதத்துக்கு வருவோம். நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில். கண்மாய் நிறைந்ததும் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் வந்து சேரும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீர்ப்பறவைக் காலம். வீட்டையும் தோட்டத்தையும் சுற்றி இருக்கும் சின்னான், தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, மைனா, கருஞ்சிட்டு இவற்றின் கூடுகள் பெரும்பாலும் தை, மாசிக்குப் பிறகு தெரியத் தொடங்கும். ஆள்காட்டி பங்குனி வெயிலில் முட்டையிடும். தூக்கணாங்குருவி மழை பெய்து புல் நீளமாக வளர்ந்தால்தான் வேலையைத் தொடங்கும். ஆக, வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று உண்டு. முழு ஆண்டுத் தேர்வு நேரத்தில் கூடு அதிகமாக இருப்பதுதான் சங்கடம்.

எங்கே போவது? வேட்டங்குடிக்குத்தான் போக வேண்டுமா?

ஒரு தடவை கட்டாயம் போங்கள். திருப்பத்தூரைத் தாண்டி மேலூர் போகிற சாலையில், கொள்ளுக்குடிப்பட்டியில் இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். மதுரையிலிருந்து வந்தால் சுமார் 50 கி.மீ. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்தது அது. 38.4 ஹெக்டேர் பரப்பு. 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நத்தைக்குத்தி நாரை, சங்குவளை நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு வைத்திருக்கும். கரையில் நின்றபடியே பார்க்கலாம். கூட்டை நெருங்காமல் கூட்டைப் படிக்க இதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது பறவையை மட்டுமில்லை, ஊர்க்காரர்களையும்தான். பறவை மிரண்டுவிடும் என்று அந்த ஊர் மக்கள் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாங்கள் போனபோது, எங்களோடு வந்த ஏழாம் வகுப்புப் பையன் தன் வயதுப் பையன் ஒருவனிடம், “ஒனக்கு வெடிக்கணும்னு ஆசையா இருக்காதா?” என்று கேட்டான். “அதுக குஞ்சு வச்சிருக்குல்ல” என்று பதில் வந்தது. நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

ஆனால் வாராவாரம் வேட்டங்குடிக்குப் போக முடியாது, போகவும் தேவையில்லை. உங்கள் ஊர் ஊருணிக் கரை, ஐயனார் கோயில் காடு, பள்ளிக்கூடத்து வேப்பமரம், வீட்டுக் கொல்லை, இவை போதும். தைலமரக் காட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே கூடு குறைவு. நாட்டு மரமும் முள்புதரும் கலந்த இடமாகப் பாருங்கள்.

நாங்கள் பெரிய வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்குள்ளேயே பார்க்க முடியுமா?

தாராளமாக. செட்டிநாட்டு வீடு மனிதருக்காகக் கட்டியது என்றாலும் பறவைகளுக்கு அதில் பங்கு உண்டு. நடுவில் வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி வளவுத் தாழ்வாரம், தேக்கு உத்தரம், நாட்டு ஓட்டுக்கு அடியில் இடுக்கு. சிட்டுக்குருவிக்கு இதைவிட என்ன வேண்டும்?

தாழ்வாரச் சுவரில் மேலே வரிசையாக முன்னால் சாய்த்து மாட்டியிருக்கும் பழைய போட்டோக்களைப் பாருங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி இருக்கும். அதற்குள் வைக்கோல் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அது குருவிக்கூடு. எங்களுக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், தன் மாமனார் படத்துக்குப் பின்னால் குருவி கூடு கட்டியதால், பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்தச் சுவரை மட்டும் விடச் சொல்லிவிட்டார். “ஐயா இருந்தாலும் கலைக்க விடமாட்டாக” என்றார். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், தாழ்வாரத்தில் பாய் போட்டு உட்கார்ந்தே ஒரு கூட்டின் முழுக் கதையையும் எழுதினார்கள். அடைகாத்தது 12 நாள். பொரித்த குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வந்தது அதிலிருந்து 15-ஆம் நாள். சிட்டுக்குருவிக்கு வழக்கமான கணக்கும் இதையொட்டித்தான்.

மின்விசிறி மட்டும் கவனம். கூடு இருக்கும் பக்கத்து விசிறியை, குஞ்சு பறக்கும் வரையாவது நிறுத்தி வையுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளில் கூகை என்கிற ஆந்தை இருக்கும். மாடத்திலும் மச்சிலும் புறா அடையும். ஆனால் பிள்ளைகளை அங்கே தனியாக அனுப்பாதீர்கள். மரத்தளம் இற்றுப்போயிருக்கலாம். வீட்டுக்காரரிடமோ சாவி வைத்திருப்பவரிடமோ கேட்காமல் வாசலைத் தாண்டவும் கூடாது.

எனக்கே பறவைகளின் பெயர் தெரியாது. பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வீட்டில் அப்பத்தாவைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். கரிச்சான், செம்போத்து, பனங்காடை, கொண்டலாத்தி, வக்கா, கூகை என்று சரளமாக வரும். தோட்டக்கள்ளன் என்று புத்தகத்தில் போட்டிருக்கும் பறவைக்கு ஆறுமணிக்குருவி என்றும் ஒரு பெயர் உண்டு. காலையும் மாலையும் அந்த நேரத்தை ஒட்டிக் கத்தும். பெயரிலேயே அதன் பழக்கம் இருக்கிறது. இப்படிப் பெயர் சேகரிப்பதையே ஒரு பிள்ளைக்குத் தனி வேலையாகக் கொடுக்கலாம். ஒரே பறவைக்கு பள்ளத்தூரில் ஒரு பெயரும் தேவகோட்டையில் ஒரு பெயரும் இருக்கலாம். இரண்டையும் எழுதட்டும்.

பெயர் தெரியாவிட்டால் காத்திருங்கள். அளவு (குருவியா, மைனாவா, காக்கையா), அலகின் வடிவம், வாலை எப்படி வைத்திருக்கிறது, தரையில் நடக்கிறதா தத்துகிறதா, இவற்றை முதலில் குறித்துக்கொள்ளட்டும். மெர்லின் என்ற இலவசச் செயலி படத்தையோ குரலையோ வைத்துப் பெயர் சொல்லும். ஆனால் சில சமயம் தப்பாகவும் சொல்லும். எங்கள் குழுவில் ஒரு விதி: நோட்டில் விவரம் எழுதிய பிறகுதான் செல்போனை எடுக்கலாம்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?

தேதி, நேரம், இடம், வானிலை. கூடு எதில் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்னென்ன வைத்துக் கட்டியிருக்கிறது. எந்தக் கட்டம்: கட்டுகிறதா, முட்டையா, குஞ்சா, காலியா. அப்புறம் அந்த அரை மணி நேரத்தில் கண்ணால் பார்த்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் தேன்சிட்டுக் கூட்டைப் பற்றி எழுதியதை அப்படியே தருகிறேன்:

“மார்ச் 12. காலை 6.40 முதல் 7.10 வரை. வெயில் வரல. கூடு துணி காயப்போடுற கம்பில தொங்குது. என் தலைக்கு மேல ஒரு முழம். பெண் 4 தடவை வந்துச்சு. 2 தடவை பஞ்சு. 1 தடவை சிலந்தி வலை, அதை அலகால சுத்திச் சுத்தி ஒட்டுச்சு. 1 தடவை என்னன்னு தெரியல. ஆண் முருங்கை மரத்துல உக்காந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. கட்டல.”

“என்னன்னு தெரியல” என்று எழுதியிருக்கிறாள், பாருங்கள். அந்த வரிக்காக அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். பிள்ளைகள் வெற்றிடத்தை நிரப்பப் பார்ப்பார்கள். புழுவாக இருக்கும், சோகமாக இருந்தது, சண்டை போட்டது என்று ஊகத்தை எழுதுவார்கள். பார்த்ததை ஒரு பக்கம், நினைத்ததை எதிர்ப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். நினைப்பதும் வேண்டியதுதான், இரண்டும் கலக்காமல் இருந்தால் சரி.

கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

புதரை விலக்கித் தேடாதீர்கள். பறவையைப் பின்தொடருங்கள், அதுவும் கண்ணால் மட்டும். வாயில் நார், பஞ்சு, குச்சி இருந்தால் கட்டுகிறது. வாயில் புழுவை வைத்துக்கொண்டு தின்னாமல் சுற்றிப் பார்த்தால் குஞ்சு இருக்கிறது. ஒரே இடத்துக்கு மூன்று தடவை போனால் அங்கேதான். நீங்கள் பார்ப்பது தெரிந்தால் அது உள்ளே போகாது. இன்னும் தள்ளி உட்காருங்கள்.

எவ்வளவு அருகில் போகலாம்? தினமும் பார்க்கலாமா?

இந்தக் கேள்விக்கு நாங்கள் விலை கொடுத்துத்தான் பதில் கற்றோம்.

முதல் வருஷம், ஒரு வீட்டுக் கொல்லையில் செம்பருத்திச் செடியில் சின்னான் கூடு. இடுப்பு உயரம். மூன்று முட்டை, இளஞ்சிவப்பில் செம்புள்ளி தெளித்த மாதிரி. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். பதினோரு பேரும் தினமும் போனோம். எட்டிப் பார்க்க வசதியாக இலையைக்கூட விலக்கி ஒதுக்கிவிட்டோம். ஆறாம் நாள் காலையில் கூட்டில் ஒன்றுமில்லை. மதில்மேல் காக்கை ஒன்று உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கே குனிகிறோம் என்று அது ஐந்து நாளாகப் பார்த்திருக்கிறது. ஒரு பிள்ளை அழுதுவிட்டது. நானும் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, பெரியவர் நான்தான்.

அதன் பிறகு இப்படி வைத்திருக்கிறோம். ஒரு கூட்டுக்கு ஒரு பிள்ளை, துணைக்கு ஒருவர். முடிந்தவரை பதினைந்து இருபதடி தள்ளி, ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது. முட்டை எண்ண வேண்டுமென்றால் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, தாய் தானாக வெளியே போனபோது, ஒரு நிமிஷத்துக்குள். உயரத்தில் இருந்தால் குச்சியில் சின்னக் கண்ணாடி கட்டிப் பார்ப்போம். காக்கையோ வால்காக்கையோ பூனையோ பக்கத்தில் இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். மழையிலும் உச்சி வெயிலிலும் போகக் கூடாது, அடைகாக்கும் பறவை எழுந்துவிட்டால் முட்டை கெடும். கூடு கட்டும் முதல் சில நாளும் நெருங்கக் கூடாது, அந்தச் சமயத்தில்தான் சீக்கிரம் கைவிட்டுப் போகும். குஞ்சுக்கு இறகு முளைத்து, கண் திறந்து நம்மைப் பார்க்கத் தொடங்கிய பிறகு கிட்டவே போகாதீர்கள். பயந்து முன்கூட்டியே குதித்துவிடும். ஒரு இலையையும் ஒடிக்காதீர்கள்.

மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காதாமே?

பெரும்பாலும் அப்படி இல்லை. வாசனையை வைத்துக் குஞ்சை ஒதுக்குவது பறவைகளின் வழக்கம் கிடையாது. பறவை கைவிடுவது தொந்தரவால். ஆனாலும் “தொட்டால் தாய் சேர்க்காது” என்று சொல்லித்தான் நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அந்த நோக்கம் நல்லது. எங்கள் பிள்ளைகளுக்கு உண்மைக் காரணத்தையே சொல்கிறோம். தொடாமல் இருக்க அதுவே போதுமானதாக இருக்கிறது.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால்?

இறகு இல்லாமல், கண் திறக்காமல் இருந்தால் மெதுவாக எடுத்து அதே கூட்டில் வையுங்கள். இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள், அல்லது பக்கத்துச் செடியில் ஏற்றி வையுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாலும் சோறும் ஊட்டாதீர்கள், செத்துப்போகும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தூக்கணாங்குருவிக் கூட்டில் மின்மினிப்பூச்சி விளக்கு உண்மையா?

எல்லாப் பிள்ளையும் கேட்கும் கேள்வி. களிமண்ணில் மின்மினியை ஒட்டி வெளிச்சம் வைக்கிறது என்று பாட்டிகள் சொல்வார்கள். கூட்டுக்குள் உருண்டை உருண்டையாக மண் பூசியிருப்பது மெய். கிணற்றுப் பக்கம் விழுந்து கிடந்த பழைய கூடு ஒன்றில் நாங்களே தொட்டுப் பார்த்தோம், நகக்கண் அளவு செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. மின்மினி இருந்ததில்லை. மண் எதற்கு? இலேசான கூடு காற்றில் ரொம்ப ஆடாமலிருக்கப் பாரம் வைக்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. பிள்ளைகளை அவர்களாகவே யோசிக்க விடுங்கள்.

அந்த விழுந்த கூட்டைப் பிரித்து நாரை எண்ணினோம். ஆயிரத்தைத் தாண்டியதும் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, பாதிக்கூடு அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாரும் ஒரு பறத்தல் என்று ஒரு பிள்ளை சொன்னதும் எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பறவையில் கட்டுவது ஆண். புல்லின் ஓரத்தை அலகால் நறுக்கி, நீள நாராகக் கிழித்துக்கொண்டு வரும். முதலில் ஒரு வளையம், பிறகு தலைக்கவசம் மாதிரி பாதிக்கூடு. அந்தப் பாதியில் நிறுத்திவிட்டு, சிறகடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே போய்ப் பார்க்கும், இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கட்டடம், கீழே தொங்கும் குழாய் எல்லாம். பிடிக்காத பாதிக்கூடு அப்படியே தொங்கும். ஒரு பனையில் எத்தனை முழுக்கூடு, எத்தனை பாதிக்கூடு என்று எண்ணுவதே நல்ல பயிற்சி.

பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1930-ல் மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடற்கரை ஊரில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தூக்கணாங்குருவிக் கூட்டத்தைத்தான் நாள் கணக்கில் பார்த்தார். ஒரு பெண் முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது என்பது அப்போது தெளிவானது. அப்போது அவருக்கு வேலைகூட இல்லை. இந்தியப் பறவையியலில் முக்கியமான ஆய்வு ஒன்று வீட்டு வாசலில் நடந்திருக்கிறது என்று சொன்னால், பிள்ளைகள் தங்கள் கிணற்றடிப் பனையை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

தரையில் முட்டையிடும் ஆள்காட்டியைப் பார்க்க முடியுமா?

முடியும், காலடியில் கவனம் இருந்தால். செம்மண்ணும் சரளையும் கலந்த பொட்டல்தான் அதற்குப் பிடித்த இடம். நமக்கோ அது நிறைய இருக்கிறது. கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை. பெரும்பாலும் நாலு முட்டை, கூர்முனை நாலும் நடுவைப் பார்த்து இருக்கும். மண் நிறத்தில் கரும்புள்ளி. ஒரு பெண் காலைத் தூக்கியவள் அப்படியே நின்று, “இந்தா இருக்கு, யாரும் நகராதீங்க” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் செருப்புக்கும் முட்டைக்கும் ஒரு சாண்.

எல்லோரையும் பின்னால் நகர்த்தி, பனைவடலி மறைவில் உட்கார்ந்தோம். பங்குனி வெயில். தாய் திரும்பி வந்தபோது வயிற்று இறகு நனைந்து ஒட்டியிருந்தது. ஊருணியில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நின்றது. சூட்டைத் தணிக்க ஆள்காட்டி இப்படிச் செய்யும். அடைகாப்பு ஏறக்குறைய 28 நாள். பொரித்த குஞ்சு கொஞ்ச நேரத்திலேயே நடக்கத் தொடங்கிவிடும். சின்னான் குஞ்சு மாதிரி கண் மூடிக் கிடக்காது. இரண்டு கூட்டையும் ஒரே மாதத்தில் பார்த்த பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது அநியாயம் இல்லையா? எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. எதையும் மாற்றாமல் பார்ப்பதுதான் நம் வேலை. ஆண்குயில் காக்கையை வம்புக்கு இழுத்து விரட்டவைக்கும், அந்த இடைவெளியில் புள்ளிபோட்ட பெண்குயில் வேலையை முடிக்கும். தவிட்டுக்குருவிக்கும் இதே கதை உண்டு, அங்கே சுடலைக்குயிலும் அக்காக்குயிலும். தவிட்டுக்குருவி முட்டை அழகான நீலம், அந்தக் குயில்களின் முட்டையும் நீலம். நியாயமா அநியாயமா என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் சண்டை போடட்டும். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

கூட்டையோ முட்டையோ எடுத்துப் பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்திலேயே, பறவை முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். மரத்தில் தொங்கும் பழைய தூக்கணாங்கூட்டையும் விட்டுவிடுங்கள், சில்லைகள் அதில் குடியேறும். கண்காட்சிக்குப் பிள்ளைகள் வரைந்த படமும் நோட்டும் போதும். அவையே கூட்டத்தை நிறுத்திவைக்கும்.

ஆந்தை வீட்டில் இருந்தால் ஆகாது என்கிறார்களே?

கூகை அடைந்த வீட்டைச் சுற்றி எலி குறையும். செரிக்காமல் அது கக்கிப்போட்ட உருண்டை அடியில் கிடக்கும், அதைக் குச்சியால் பிரித்தால் எலி மண்டையோடும் தாடை எலும்பும் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை எலும்பை எண்ணிப் பார்த்த பாட்டியும்கூட அப்புறம் கல்லெறியச் சொல்லவில்லை.

குருவிக்குப் பெட்டி வைக்கலாமா?

வைக்கலாம். மரப்பெட்டியோ மண்கலயமோ, துளை சுமார் மூன்றரை செ.மீ., எட்டு பத்தடி உயரம், மேற்கு வெயில் படாத சுவர். உள்ளே எதுவும் போட வேண்டாம், அது கொண்டுவரும். பெட்டியோடு நிற்காமல், தோட்டத்தில் மருந்தடிப்பதையும் நிறுத்துங்கள். குஞ்சுக்குப் பூச்சிதான் சாப்பாடு. வாசலில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விடாதீர்கள்.

போட்டோ எடுக்கலாமா? இணையத்தில் போடலாமா?

பறவையை எடுங்கள். கூட்டை எடுப்பதானால் தூரத்திலிருந்து, பிளாஷ் இல்லாமல். குஞ்சு பறக்கும் வரை இடத்தைக் குறிப்பிட்டு எங்கும் போடாதீர்கள்.

பட்டியலை இ-பேர்டு என்ற இணையதளத்தில் ஏற்றலாம், இலவசம். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தகவலைப் பயன்படுத்துகிறார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிஷம் எண்ணி ஏற்றினாலும் கணக்கில் சேரும். பிப்ரவரியில் உலக அளவில் இன்னொரு கணக்கெடுப்பும் உண்டு. பிள்ளைகளுக்கு நல்ல உற்சாகம்.

பாம்பு பயம்?

நியாயமான பயம். செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும். புதருக்குள் கை விடக் கூடாது, கண்மாய்ச் சேற்றில் இறங்கக் கூடாது, பனையில் ஏறக் கூடாது. எப்போதும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இதனால் படிப்பு கெடாதா?

வாரத்துக்கு இரண்டு காலை. கெடவில்லை. சராசரி எடுப்பது, வரைபடம் போடுவது, தமிழில் பிழையில்லாமல் நாலு வரி எழுதுவது எல்லாம் அந்த நோட்டிலேயே நடக்கிறது.

ஒரு கூட்டின் வேலை எப்போது முடிகிறது?

கூடு காலியானதும். குஞ்சு பறந்ததா, பறிபோனதா, தெரியவில்லையா என்று கடைசிப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பறிபோன கூடும் முழுமையான பதிவுதான், அதைக் கிழித்துப்போட விடாதீர்கள்.

2020-ல் நம் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி கிராமத்தில் தெருவிளக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டிருந்தது. குஞ்சு பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே தெருவிளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது. அந்தச் செய்தியை எங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். கம்பியில் தொங்கிய தேன்சிட்டுக் கூட்டைப் பற்றி எழுதிய அந்தப் பெண்ணின் வீட்டில் இப்போதும் துணியைப் பக்கத்து வீட்டுக் கொடியில்தான் காயப்போடுகிறார்கள். இரண்டாவது ஈட்டில் இரண்டு முட்டை இருக்கிறது.